பனிமலையில் வெறுங்கால்: ஹாபிட்டின் பாதம் எதையெல்லாம் தாங்கும்?

ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த ஹாபிட்டுகள் காலில் எதையும் அணிவதில்லை. 1937-இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலின் தொடக்கத்திலேயே அவர் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். அவர்களுடைய உள்ளங்கால் இயற்கையிலேயே பதனிட்ட தோலைப் போலக் கெட்டியானது. புறங்காலில் தலைமுடியைப் போன்றே அடர்ந்த, வெதுவெதுப்பான பழுப்பு முடி வளரும். அதனால் அந்த மக்களிடையே அதிகம் வளராத ஒரே கைத்தொழில் செருப்புத் தைப்பது என்று பின்னாளில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முன்னுரையில் இன்னொரு தகவலும் தருகிறார். இவ்வளவை நம்பித்தான் நான்கு ஹாபிட்டுகளைப் பனிப்புயல் வீசும் கணவாய்க்கு அனுப்புகிறார். அவர்களில் ஃப்ரோடோ, சாம் இருவரும் செங்குத்துப் பாறைகளையும் சதுப்புநிலத்தையும் கடந்து மோர்டார் நாட்டின் எரிமலைச் சாம்பல் மேடுவரை வெறுங்காலோடு போகிறார்கள்.

கற்பனைதானே என்று இதைக் கடந்து போகலாம். ஆனால் டோல்கீன் தன் உலகத்தின் நிலவு எந்த நாளில் எந்த வடிவில் இருக்கும் என்று கணக்குப் பார்த்து எழுதியவர். அவருடைய படைப்பை அதே அக்கறையோடு அணுகுவதே நியாயம். உடலியல் இன்று அறிந்தவற்றை வைத்துப் பார்த்தால் விடை சற்று எதிர்பாராததாக இருக்கிறது. கரடுமுரடான நிலம் ஹாபிட்டுகளுக்குப் பெரிய தடையே இல்லை. அந்த ஆற்றல் மனிதப் பாதத்திலேயே இருக்கிறது. குளிர்தான் உண்மையான சோதனை. அந்தச் சோதனையில், எல்லாரும் காரணமாகச் சொல்லும் புறங்கால் முடி ஏறக்குறைய பயன்படவே பயன்படாது. அவர்களைக் காப்பாற்றக்கூடியது வேறு ஒன்று: தன் பாதத்தைக் குளிர விட்டுவிடத் தெரிந்த உடல்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வெறுங்காலோடு நடப்பவர்களின் உள்ளங்காலில் தோலின் மேலடுக்கு தடித்துக் காய்ப்பாகிறது. கெராட்டின் என்ற புரதத்தால் ஆன இறந்த செல்களின் அடுக்கு அது. காய்ப்பு ஏற ஏறக் கால் மரத்துப்போகும், தரையின் தன்மை தெரியாது என்றே நெடுநாள் கருதப்பட்டது. நிக்கோலஸ் ஹொலோவ்கா, டேனியல் லீபர்மேன் ஆகியோரின் குழு கென்யாவிலும் பாஸ்டனிலும் இதைச் சோதித்து 2019-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டது. வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் காய்ப்பு தடிமனாகவும் கெட்டியாகவும் இருந்தது. ஆனால் அதிர்வை உணரும் திறன் குறையவில்லை. காய்ப்பு மெத்தையைப் போல அமுங்குவதில்லை. தரை தரும் அழுத்தத்தை உள்ளே இருக்கும் நரம்பு முனைகளுக்கு அப்படியே கடத்துகிறது. ஹாபிட்டுகள் ஓசையின்றி மறைந்துபோவதில் வல்லவர்கள் என்று டோல்கீன் சொல்வதை இத்துடன் சேர்த்துப் படிக்கலாம். அடியெடுத்து வைக்கும்போதே சுள்ளியா, சரளையா, ஈர இலையா என்று உணர்ந்து, முழு எடையையும் இறக்குமுன் பாதத்தைத் திருத்திக்கொள்ள அத்தகைய காலால் முடியும்.

எலும்பும் தசையும் இதற்கு ஏற்றபடி மாறுகின்றன. இந்தியாவில் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992-இல் எழுதிய கட்டுரை எலும்பியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 விழுக்காடுதான். கிறிஸ்டியான் டாவூட் குழு பெங்களூரு வட்டாரத்தில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் வாழ்பவர்களின் முன்பாதம் அகன்றிருப்பதையும், உடல் எடை பாதம் முழுதும் சீராகப் பரவுவதையும் காட்டியது. விரல்கள் விரிந்த, அகலமான பாதம் பாறையைக் கவ்வும்.

ஹாபிட்டுகளுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள் உண்டு என்ற எண்ணம் ஓவியர்களும் திரைப்படங்களும் தந்தது. டோல்கீனின் கதையில் அப்படி இல்லை. ஆனால் இயற்கையில் அப்படி ஓர் உயிர் இருந்தது. 2003-இல் இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் சுமார் 106 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. ஹோமோ ஃப்ளோரசியென்சிஸ் என்று பெயரிடப்பட்ட அந்த இனத்துக்கு ‘ஹாபிட்’ என்ற செல்லப்பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. வில்லியம் ஜங்கர்ஸ் குழு 2009-இல் அதன் பாதத்தை விவரித்தபோது, அது தொடை எலும்பின் நீளத்தில் 70 விழுக்காடு இருப்பது தெரியவந்தது. நம்மைவிட மிக அதிகமான விகிதம். பாதத்தில் வளைவும் இல்லை. அத்தனை நீளமான பாதத்தைத் தரையில் உரசாமல் தூக்கி வைக்க முழங்காலை நன்றாக உயர்த்த வேண்டும். நடை சரி, நெடுந்தூர ஓட்டம் கடினம். ஓவியர்கள் ஹாபிட்டுகளுக்குத் தந்த பெரிய கால் பயணத்துக்கு உதவியல்ல, சுமை.

காய்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது தேய்மானத்தைத் தாங்கும். கூரிய முனை குத்துவதைத் தாங்காது. பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் முதல் படத்தில், சாம் ஏரிக்குள் ஓடும் காட்சியில் நடித்த ஷான் ஆஸ்டினின் காலில் தண்ணீருக்கடியில் கிடந்த கண்ணாடித் துண்டு செயற்கைப் பாதத்தையும் துளைத்துக்கொண்டு ஏறியது. அவரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முள்ளின் கதையும் இதுதான். முள் தைப்பதைவிட முள்ளோடு மண்ணிலிருந்து உள்ளே போவதுதான் கொடியது. 1840-களில் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், வயல்வேலை செய்பவர்களின் கால் வீங்கி, புரையோடி, துளைகள் வழியே மணிமணியாகச் சீழ் வடியும் நோயை விவரித்தார். மண்ணில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சிறு காயத்தின் வழியே நுழைந்து உண்டாக்கும் அந்த நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் ‘மதுரா பாதம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எரிமலை மண் இன்னொரு வகையில் ஆபத்தானது. எத்தியோப்பியா, காமரூன் போன்ற நாடுகளின் மேட்டுநிலங்களில், எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலோடு உழைப்பவர்களுக்கு யானைக்கால் போலவே கால் வீங்கிவிடுகிறது. இதற்குக் கொசுவும் இல்லை, புழுவும் இல்லை. நுண்ணிய கனிமத் துகள்கள் தோல் வழியே புகுந்து நிணநீர்க் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றன. பொடோகோனியோசிஸ் என்ற பெயரை இதற்குத் தந்தவர் எர்னஸ்ட் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். ஃப்ரோடோவும் சாமும் மோர்டாரில் சில நாட்களே நடந்தார்கள் என்பதால் தப்பித்திருப்பார்கள். மோர்டாரின் தெற்கே, நூர்னென் ஏரிக்கரையில், படைகளுக்குத் தானியம் விளைவிக்க அடிமைகள் பயிரிட்ட வயல்களைப் பற்றி டோல்கீன் போகிற போக்கில் சொல்கிறார். அது எரிமலை மண்ணாக இருந்திருந்தால், வெறுங்காலின் முழு விலையையும் கொடுத்தவர்கள் அந்தப் பெயரில்லாத உழவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனிக் குளிர். புறங்கால் முடி ஏன் உதவாது என்பதற்கு விடை எளிது. முடி இடையில் காற்றைப் பிடித்துவைத்து, காற்றுக்கு இழக்கும் வெப்பத்தைக் குறைக்கிறது. பாதமோ வெப்பத்தை நேரடியாகத் தரைக்கு இழக்கிறது, அதுவும் முடியில்லாத அடிப்பக்கத்தால். துருவ நரியின் அறிவியல் பெயரில் உள்ள ‘லகோபஸ்’ என்பதன் பொருளே முயலின் பாதம் உடையது என்பதுதான்; முயலைப் போல அதற்கு அடிப்பாதத்திலும் மயிர் உண்டு. பனிமுயலுக்கும் அப்படியே. ஹாபிட்டின் முடி புறங்காலில் மட்டும் வளர்கிறது. நனைந்துவிட்டால் அதுவும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் துணியாகிவிடும்.

அப்படியானால் உள்ளங்கால் எவ்வளவு வெப்பத்தை இழக்கும்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஹாபிட்டின் உள்ளங்கால் 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காய்ப்பின் தடிமன் 5 மி.மீ. கெராட்டினின் வெப்பக் கடத்தல் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட் அளவில் இருக்கும். காய்ப்புக்கு உள்ளே இருக்கும் சதை 25 டிகிரி செல்சியஸிலும் தரை 0 டிகிரியிலும் இருந்தால், ஊன்றிய ஒரு காலின் வழியே ஏறத்தாழ 15 வாட் வெப்பம் வெளியேறும். இரண்டு காலையும் ஊன்றி நின்றால் 30 வாட். 20 முதல் 25 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடல் ஓய்வில் உண்டாக்கும் மொத்த வெப்பமே 50 வாட் அளவுதான். ஹாபிட்டின் உடலும் கிட்டத்தட்ட அந்த அளவே. வருமானத்தில் பாதிக்கு மேல் உள்ளங்கால் வழியே போய்க்கொண்டிருந்தால் அந்த உடல் இரவைத் தாண்டாது.

இப்போது உள்ளே இருக்கும் சதையின் வெப்பநிலையை 5 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு காலின் வழியே போகும் இழப்பு 3 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. காய்ப்பு அதேதான், தரையும் அதேதான். பாதம் குளிர்ந்திருப்பது மட்டுமே வேறுபாடு.

வடதுருவ விலங்குகள் செய்வது இதையே. உடலிலிருந்து சூடான இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும், பாதத்திலிருந்து குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையும் காலில் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் இரத்தத்தின் வெப்பம் பாதத்தை எட்டுமுன்பே ஏறும் இரத்தத்துக்கு மாறி உடலுக்குத் திரும்பிவிடுகிறது. பாதத்துக்குக் கிடைப்பது உறையாமல் இருப்பதற்குத் தேவையான வெப்பம் மட்டும். ஹென்ஷாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1972-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஒரு சோதனை இந்தத் துறையில் மிகவும் துணிச்சலானது என்பேன். ஓநாய், துருவ நரி ஆகியவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரி குளிர்த் திரவத்தில் அமிழ்த்தினார்கள். பாதத்தின் வெப்பநிலை மைனஸ் 1 டிகிரியை ஒட்டி, திசு உறையும் புள்ளிக்குச் சற்று மேலே, அப்படியே நின்றது. அதற்கு வேண்டிய இரத்தத்தை மட்டும் உடல் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

அவ்வளவு குளிரிலும் பாதம் வளைந்து நடக்க வேண்டுமே? அதற்கும் வழி இருக்கிறது. வடக்கத்திய கலைமான்களின் உடல்கொழுப்பு குளிரில் கட்டியாகிவிடும்; குளம்பை ஒட்டிய கொழுப்பு உறையாமல் நெகிழ்வாகவே இருக்கும். அதில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். லாரன்ஸ் இர்விங் முதலியோர் அலாஸ்காவில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாபிட்டின் குதிகால் மெத்தையில் இத்தகைய கொழுப்பு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் கற்பனை இன்னும் நம்பத்தக்கதாகிவிடும்.

மனித உடலிலும் இதன் சாயல் உண்டு. குளிரில் நம் கைகால்களின் இரத்தம் மேற்தோல் சிரைகளை விட்டுவிட்டு, தமனியை ஒட்டிய ஆழச் சிரைகள் வழியே திரும்புகிறது. விரலைப் பனிநீரில் வைத்தால் சில நிமிடம் இரத்தக் குழாய்கள் இறுகிக்கிடக்கும், பிறகு திறந்து சூடேறும், மீண்டும் இறுகும். தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்த இந்த ஏற்ற இறக்கம், பழக்கத்தால் வலுப்பெறுகிறது. கனடாவின் காஸ்பே மீனவர்களிடம் லெப்லாங்க் செய்த ஆய்வில், குளிர்ந்த நீரில் அவர்களுடைய கைகள் மற்றவர்களைவிடச் சூடாக இருந்தன.

இதைவிட ஹாபிட்டுக்கு நெருக்கமான ஒரு சான்று இமயமலையில் கிடைத்தது. 1960–61 குளிர்காலத்தில் எட்மண்ட் ஹில்லரியின் தலைமையிலான அறிவியல் பயணக் குழு எவரெஸ்ட் வட்டாரத்தில் தங்கியிருந்தபோது, நேபாள யாத்ரிகர் ஒருவர் மெல்லிய உடையோடும் வெறுங்காலோடும் அங்கே வந்து சேர்ந்தார். குழுவின் உடலியலாளர் கிரிஃபித் பியூ அவரைக் கவனித்து 1963-இல் கட்டுரை எழுதினார். 4,500 மீட்டருக்கு மேல், மைனஸ் 13 முதல் 15 டிகிரி வரை இறங்கிய இரவுகளை அவர் கூடாரமின்றிக் கழித்தார். பனிக்கடி வரவில்லை. அவருடைய உடலின் வெப்ப உற்பத்தி உயர்ந்திருந்தது. கைகால்கள் உறையும் நிலைக்குப் போகவில்லை. ஆனால் கால்விரல்களில் ஆழமான பித்தவெடிப்பு விழுந்து சீழ் பிடித்தது. கீழே இறங்க வேண்டியதாயிற்று. குளிரை வென்ற கால் வறட்சியிடம் தோற்றது. கதை எழுதுபவர்கள் மறக்கும் இடம் இது. தடித்த காய்ப்பு வறண்ட குளிரில் நெகிழ்வை இழந்து பிளக்கும். வெறுங்கால் மக்கள் கொழுப்போ எண்ணெயோ தடவாமல் உயர்மலையில் நீடிக்க முடியாது.

அந்த யாத்ரிகரின் வழி ஒன்று. எதிர்வழியும் ஒன்று உண்டு. ஷோலாண்டர் குழு 1950-களில் நடு ஆஸ்திரேலியாவின் பழங்குடியினரோடு இரவுகளைக் கழித்து அளவெடுத்தது. உறைநிலையை நெருங்கும் இரவிலும் அவர்கள் உடையின்றி நிம்மதியாகத் தூங்கினார்கள். தோல் குளிர்ந்தது, வெப்ப உற்பத்தி உயரவில்லை. தென்னமெரிக்காவின் தென்முனையில் வாழ்ந்த கவேஸ்கர் மக்களின் உடலோ எப்போதும் கூடுதலாக எரிந்து வெப்பத்தை உண்டாக்கியது. அவர்களுக்கு அண்டை மக்களான யாகன்கள் பனி கலந்த மழையில் ஏறத்தாழ உடையின்றி இருந்ததைக் கண்டு டார்வின் வியந்து எழுதியிருக்கிறார். சிக்கனம் ஒரு வழி, தாராளம் மறுவழி. ஹாபிட்டுகள் எந்தப் பக்கம்? கிடைத்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளை உண்பவர்கள் என்று டோல்கீன் சொல்வது நகைச்சுவையாகவே படிக்கப்படுகிறது. சிறிய உடலுக்கு எடையோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகம். வெப்பம் விரைவாக வெளியேறும். அந்த ஆறு வேளைச் சாப்பாடு அவர்களுடைய உடலின் கணக்கிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு சான்றும் கதைக்குள்ளேயே இருக்கிறது. எல்ரோண்ட் என்ற எல்ஃப் தலைவரின் இல்லமான ரிவெண்டெல்லிலிருந்து டிசம்பரில் புறப்படும்போது பயணிகளுக்குக் கனத்த ஆடைகளும், உள்ளே விலங்கு மயிர் வைத்த மேலங்கிகளும் தரப்படுகின்றன. நெஞ்சும் வயிறும் சூடாக இருந்தால்தான் உடல் கைகால்களுக்கு இரத்தத்தை விடும். நடு உடல் குளிர்ந்தால் முதலில் கைவிடப்படுவது விரல்நுனிகள். எல்ரோண்டின் வீட்டார் ஹாபிட்டுகளுக்குக் காலணி தரவில்லை என்றாலும், அவர்களுடைய பாதத்துக்கு வேண்டியதை அந்த மேலங்கியாகத் தந்துவிட்டார்கள்.

கராத்ரஸ் கணவாயில் ஜனவரி 11-ஆம் நாள் பனி அவர்களை மறிக்கிறது. அங்கே ஹாபிட்டுகளின் சிக்கல் உயரம்தான். பனி மார்பளவைத் தாண்டுகிறது. உடன்வந்த மனிதர்களான போரமிரும் அரகோர்னும் வழி பிளந்து அவர்களைச் சுமந்து இறக்குகிறார்கள். பாதத்தைப் பொறுத்தவரை உலர்ந்த புதுப்பனி அவ்வளவு கொடியதல்ல. அதில் பெரும்பகுதி காற்று. கட்டிப் பனியைவிட இருபது மடங்குக்கு மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஈரமான கருங்கல் பாறையில் நிற்பதைவிடப் பொடிப்பனியில் நிற்பது மேல். அசையாமல் நிற்பதுதான் கூடாது. போரமிர் சொன்னபடி ஆளுக்கொரு கட்டு விறகு சுமந்து வந்தது அங்கே அவர்களைக் காத்தது.

ஃப்ரோடோவின் பாதங்களுக்காக நான் உண்மையில் அஞ்சும் இடம் மார்ச் மாதத்தில் வரும் செத்த சதுப்புநிலம். அங்கே உறைபனி இல்லை. ஆனால் ஈரமும் குளிரும் நாள்முழுதும் விடுவதில்லை. உறைநிலைக்கு மேலேயே, 0 முதல் 15 டிகிரிக்குள், நனைந்த பாதத்தின் நரம்புகளும் நுண்குழாய்களும் சிதையத் தொடங்கிவிடும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. ஊறிய காய்ப்பு வெளுத்துப் பஞ்சாகிவிடுகிறது. முதல் உலகப் போரில் இதற்குப் ‘பதுங்குகுழிப் பாதம்’ என்று பெயர். பிரிட்டிஷ் படையில் முதல் குளிர்காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் இதனால் முடங்கினார்கள். வீரர்களின் கால்களைப் பார்வையிடுவதும், திமிங்கில எண்ணெய் தடவ வைப்பதும், காய்ந்த காலுறை மாற்ற வைப்பதும் அதிகாரிகளின் கடமையாயிற்று.

1916 ஜூலை முதல் அக்டோபர் இறுதிவரை சோம் போர்முனையில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் தகவல்தொடர்பு அதிகாரியாக இருந்தவர் டோல்கீன். பேன் பரப்பும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து நவம்பரில் நாடு திரும்பினார். செத்த சதுப்புநிலத்துக்கு சோம் போருக்குப் பிந்தைய வடக்கு ஃபிரான்ஸின் நிலம் ஓரளவு கடன் கொடுத்திருக்கிறது என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். நனைந்த பூட்ஸுக்குள் வீரர்களின் கால்கள் என்ன ஆகின என்பதை அருகிலிருந்து பார்க்கும் இடத்தில் இருந்த ஒருவர், பின்னாளில் பூட்ஸே தேவைப்படாத ஒரு மக்களைக் கற்பனை செய்கிறார். இதற்கு மேல் அவர் மனத்தைப் பற்றி ஊகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஈரத்தின் ஆபத்தை அவர் மறக்கவில்லை. ஹாபிட்டுகளின் நாடான ஷயரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த கனத்த காலுடைய ஹாபிட்டுகள் சேற்றுக் காலத்தில் மட்டும் குள்ளர்களின் பூட்ஸ் போட்டார்கள் என்று முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். பனிக்கு விதிவிலக்குத் தராமல் சேற்றுக்கு மட்டும் தந்திருப்பது உடலியலோடு அப்படியே ஒத்துப்போகிறது.

அன்றாட வாழ்வில் ஷயர் கடுங்குளிர் நாடல்ல. அங்குள்ள ஹாபிட்டன் என்ற ஊர் ஏறத்தாழ ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருப்பதாக டோல்கீன் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் சில மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுதும் சுமார் 10 டிகிரியிலேயே இருக்கும். குன்றைக் குடைந்த வீடு, ‘தி ஹாபிட்’ நாயகன் பில்போவின் கூடத்தில் விரித்த கம்பளம், அணையாத அடுப்பு எல்லாம் வெறுங்காலுக்கு ஏற்ற ஏற்பாடுகள். குளிரில் வெளியே போன பாதம் திரும்பிவந்து மெல்லச் சூடேற இடம் இருந்தது.

அந்த ஏற்பாடு உடைந்த ஆண்டுகளையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கதை உலகின் ஆண்டுக்கணக்கில் 2911-இன் கொடும் குளிர்காலத்தில் பிராண்டிவைன் ஆறு உறைந்து, வெள்ளை ஓநாய்கள் வடக்கிலிருந்து ஷயருக்குள் இறங்கின. அதைவிடக் கொடியது 2758-இல் தொடங்கிய நீண்ட குளிர்காலமும் அதைத் தொடர்ந்த பஞ்சமும். ஆயிரக்கணக்கான ஹாபிட்டுகள் மாண்டார்கள். உடலின் வெப்ப உற்பத்தியை நம்பி வாழும் ஒரு மக்களுக்கு உணவு நின்றால் குளிரும் பசியும் இரு வேறு பகையாக வருவதில்லை. அந்தப் பஞ்சத்தில் மந்திரவாதி கண்டால்ஃப் உதவிக்கு வந்தார் என்பதற்கு மேல் டோல்கீன் விவரம் தரவில்லை. ஷயர் மக்களின்மீது கண்டால்ஃபுக்கு அன்பு பிறந்தது அப்போதுதான், அவர்கள் ஒருவர்க்கொருவர் காட்டிய இரக்கத்தைப் பார்த்துத்தான் என்று பின்னர் எழுதிய ஒரு குறிப்பில் மட்டும் சொல்கிறார்.